பாலத்தின் மேல் இருந்தவர்கள்

ப்ரோத்னிக்
11 மார்ச் 2002

சம்பந்தியம்மா ஸோர்காவுக்கு,

மிலுதின் எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைக் கிழிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்களோ என்று, முகவரியைத் தபால்காரர் மகளை விட்டு எழுதச் சொன்னேன்.

இரண்டு வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை. அன்றைக்குப் பேருந்து நிலையத்தில் அத்தனை பேர் முன்னால் நான் கத்தியது சரியா தப்பா என்று ஆராய இப்போது உட்காரவில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்பது மே மாதம் பாலத்தில் குண்டு விழுந்து செத்தவர்களின் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வழக்குப் போடுகிறோம். குழுவுக்கு என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். பெருமைப்பட ஒன்றும் இல்லை. பஞ்சர் கடையில் எந்நேரமும் ஆள் இருக்கும், டெலிபோனும் இருக்கிறது, நீயே இரு என்று தள்ளிவிட்டார்கள்.

குண்டு போட்ட கூட்டணியின் மேல் வழக்குப் போட முடியாதாம். அதற்குக் கதவு கிடையாதாம், தட்டுவதற்கு. அதனால் அதில் இருக்கிற பத்தொன்பது நாடுகளில் ஒன்றின் மேல், அந்த நாட்டு நீதிமன்றத்திலேயே போடுகிறோம். நம் ஆட்கள் பாதிப் பேர் கொத்து வேலைக்குப் போகிற நாடுதான். வழக்கறிஞரும் அந்த நாட்டுப் பெண்மணி. லோமன் என்று பெயர். போன மாதம் வந்திருந்தார். கடையில் நாற்காலி போதாமல் லாரி டயர் மேல் உட்கார்ந்தார். ஸ்லாவோல்யூபை உங்களுக்குத் தெரியும், ரொட்டிக் கடைக்காரன், மகனைப் பறிகொடுத்தவன். அவன் மூஞ்சிக்கு நேரே கேட்டான்: "உங்க ஆளுங்க மேல நீங்களே கேஸ் போடறீங்களே, உங்களுக்கு என்ன லாபம்?" மொழிபெயர்க்க வந்த பெண் தயங்கினாள். லோமன் அம்மா புரிந்துகொண்டு சொன்னார்: "என் வரிப் பணத்துலயும்தானே அந்த விமானம் பறந்துது?"  அவன் அவருக்கு இரண்டாவது கோப்பை சாராயம் ஊற்றினான்.

விஷயம் இதுதான். என் மகள் யாஸ்னாவுக்காக நான் கையெழுத்துப் போடலாம். உங்கள் மகன் தலிபோருக்காக நீங்கள்தான் போட வேண்டும். அவன் பெயர் இல்லாமல் அவள் பெயரை மட்டும் போட்டால், அந்தப் பெண் எதற்காகப் பாலத்துக்கு ஓடினாள் என்பதற்குப் பதில் இருக்காது என்கிறார் லோமன் அம்மா.

இன்னொன்று. அந்த ட்ரக் சமாசாரம். கேட்காததை நாமாகப் போய்ச் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லையாம். புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

தாள்களை இதோடு வைத்திருக்கிறேன்.

மிலுதின்


சொம்போர்
24 மார்ச் 2002

சம்பந்தி மிலுதினுக்கு,

உறையைக் கிழித்துத்தான் படித்தேன். தபால்காரர் மகளை வீணாகச் சிரமப்படுத்தியிருக்கிறீர்கள்.

இருபத்தேழு வருஷம் இந்த ஊர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருக்கிறேன். சாட்சி சொல்வதை நீதிபதி திருப்பிச் சொல்வார், நான் அடிப்பேன். எத்தனை பேர் எத்தனை விதமாகப் பொய் சொல்வார்கள் என்று என் விரல்களுக்குத் தெரியும். "கேக்கலன்னா சொல்லாதீங்க" என்று வராந்தாவில் வக்கீல்கள் காதைக் கடிப்பதைத் தினமும் பார்க்கிறேன். எனக்கும் ஒரு நாள் அந்தப் புத்திமதி வரும் என்று நினைக்கவில்லை.

நான் பார்த்ததை ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன். இதுவரை நீங்கள் என்னை முழுதாகச் சொல்ல விட்டதில்லை.

பிள்ளைகளைப் பார்க்க வந்து உங்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தேன். விடியற்காலையில் நாய் குரைத்தது. ஜன்னலைத் திறந்தேன். நம் ராணுவ ட்ரக் இரண்டு, விளக்கை அணைத்துக்கொண்டு, தார்ப்பாய் மூடி, பாலத்தைத் தாண்டிப் போயின. திரும்பி வரவில்லை.

அன்று சந்தை நாள். யாஸ்னா ஸ்ட்ராபெரி கேட்டாள் என்று தலிபோர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனான். நீங்கள் கடையில் இருந்தீர்கள். நானும் அவளும் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பாலத்தின் நடுவில் விழுந்தது. யாஸ்னா கையிலிருந்த துணியைக் கீழே போடவில்லை. என் கையில் கொடுத்தாள். "நீங்க இங்கயே இருங்கம்மா, நான் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள். கடைக்குப் போய்வருகிறவள் சொல்வது போலச் சொன்னாள்.

நான் இருக்கவில்லை. பின்னாலேயே போனேன். எனக்கு அப்போதே இடுப்பு வலி, வேகமாகப் போக முடியவில்லை. ஊரில் பாதி ஓடியது, ஸ்லாவோல்யூபின் மகன் உட்பட. சரிவில் நின்று பார்த்தேன். இடிந்த நுனியில் அவள் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவன் கை அசைந்தது. உயிரோடு இருந்தான், சம்பந்தி. ஒரு காபி கொதித்து இறங்குகிற நேரம் இருக்கும். விமானம் திரும்பி வந்தது. இரண்டாவது முறையும் போட்டார்கள்.

முதல் நினைவு நாளில் வந்த அந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரனிடம் இவ்வளவையும்தான் சொன்னேன். அவன் ட்ரக்கை மட்டும் போட்டான். பாலத்தில் ராணுவம் போனது என்று உள்ளூர்ப் பெண்ணே ஒப்புக்கொண்டாள் என்று எழுதினான். மீதியை விட்டுவிட்டான். அதற்காக நீங்கள் அவனைத் திட்டியிருக்க வேண்டும். என்னைத் திட்டினீர்கள். இனி இந்த ஊர்ப் பக்கமே வராதே என்றீர்கள். வரவில்லை.

கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சாட்சியாகக் கூப்பிட்டால் விடியற்காலையிலிருந்துதான் தொடங்குவேன். அது வேண்டாம் என்றால் தாள்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஸோர்கா


ப்ரோத்னிக்
9 ஏப்ரல் 2002

சம்பந்தியம்மா,

உங்கள் கடிதத்தைக் குழுவில் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாது.

ஸ்லாவோல்யூப் எழுந்து நின்றான். "அந்தச் சொம்போர்க்காரி நமக்குச் சாட்சியா, அவங்களுக்குச் சாட்சியா?" என்றான். அவன் மனைவி ராத்மிலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருய்யா, அந்தம்மாவும் பிள்ளையக் குடுத்தவதான்" என்றாள். "குடுத்தவ எதுக்கு எதிராளிக்குக் கயிறு திரிச்சுக் குடுக்கறா?" என்று இவன் கத்த, கடையில் பஞ்சர் ஒட்ட வந்தவன் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

எனக்கும் கோபம்தான். மறைக்கவில்லை. எதிர்த்தரப்பில் அவர்களிடம் என்னென்ன இருக்கிறது தெரியுமா? வானத்திலிருந்து எடுத்த படம், வரைபடம், அதிகாரிகள், பத்து வக்கீல். நம்மிடம் இருப்பது நம் வாய் ஒன்றுதான். ரோட்டில் ஆணி போட்டவனைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தும்போது, ஐயா என் டயரும் கொஞ்சம் பழசுதான் என்று நாமே ஆரம்பிப்போமா? அவன் உடனே டயரைப் பற்றி மட்டும்தான் பேசுவான். ஆணி காணாமல் போய்விடும். பத்திரிகையில் அதுதானே நடந்தது?

ட்ரக் போனது விடியற்காலை. குண்டு விழுந்தது பகலில். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. சம்பந்தம் இல்லாததை எதற்கு இழுக்க வேண்டும்?

நீங்கள் நல்லவராக இருந்துகொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் நல்லதனத்துக்கு இந்த ஊர் விலை கொடுக்க முடியாது. தாள்களைத் திருப்பி அனுப்புங்கள். தலிபோர் பெயர் இல்லாமலே போகிறோம். யாஸ்னா ஏன் ஓடினாள் என்று யாராவது கேட்டால், அவள் அப்பன் வளர்த்த லட்சணம் அப்படி என்று சொல்லிக்கொள்கிறேன்.

மிலுதின்


சொம்போர்
2 மே 2002

சம்பந்தி,

தாள்களை அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கி. திருப்பி அனுப்பத்தான் எடுத்து வைத்தேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரி அனுப்ப விடவில்லை.

உங்களுக்கு நான் எந்த உறுதியும் தரவில்லை. நீங்களும் எனக்குத் தர வேண்டாம். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். காலையில் பார்த்ததைப் பற்றி நான் பொய் சொன்னால், பகலில் பார்த்ததை அவர்கள் எதற்கு நம்ப வேண்டும்? அந்த இரண்டாவது முறையைப் பற்றிச் சொல்ல உயிரோடு மிஞ்சியவர்களில், சரிவில் நின்று கண்ணால் பார்த்தவள் நான். என்னிடம் இருப்பதே அது ஒன்றுதான். அதை அழுக்காக்கிக்கொள்ள மாட்டேன்.

மே வந்துவிட்டது. நான் வர மாட்டேன், பயப்பட வேண்டாம். கல்லறையில் எனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி வையுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று போதும்.

ஸோர்கா


ப்ரோத்னிக்
17 டிசம்பர் 2003

சம்பந்தியம்மா,

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். வழக்கு முடிந்துவிட்டது என்று லோமன் அம்மா உங்களுக்கும் தாள் அனுப்பியிருப்பார். அதில் இல்லாததை நான் எழுதுகிறேன்.

முதலில் விசா. யார் மேல் வழக்கோ அவர்களிடமே போய், உள்ளே விடுங்கள் என்று கேட்க வேண்டும். பெல்கிரேடில் தூதரகத்து வாசலில் விடிவதற்கு முன் வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பையன். "பயணத்தின் நோக்கம்?" என்று கேட்டான். ஸ்லாவோல்யூப் சொன்னான்: "உங்க மேல கேஸ் போட்டிருக்கோம் தம்பி, அதப் பாக்கப் போறோம்." பையன் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். படிவத்தில் அதற்கு ஏற்ற கட்டம் இல்லை போல. சுற்றுலா, வியாபாரம், படிப்பு என்று இருந்தன. கடைசியில் "சொந்த விஷயம்" என்று எழுதிக்கொண்டான். சரியாகத்தான் எழுதினான்.

ஒரு நாளுக்கு மேல் பஸ். நான்கு பேர் போனோம். ராத்மிலா பாலாடைக்கட்டி அப்பம் ஒரு தட்டு நிறையக் கட்டிக் கொடுத்திருந்தாள். அதை எல்லையில் ஒரு காவலர் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். யாஸ்னா கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். தோளில் இறுக்கியது.

நீதிமன்றம் என்றால் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஓர் அறை. மூன்று நீதிபதிகள். அரசுத் தரப்பு வக்கீல் சின்ன வயசு, ஜலதோஷம் பிடித்திருந்தது, மூக்கைச் சிந்திச் சிந்திப் பேசினான். போர் என்பது அரசுக்கும் அரசுக்கும் நடுவில் நடப்பது, அதில் பட்டதை அரசும் அரசும்தான் பேசித் தீர்க்க வேண்டும், தனி ஆள் வந்து கேட்க முடியாது என்றான். லோமன் அம்மா ரொம்ப நேரம் பேசினார். நடுவில் இருந்த நீதிபதி எங்களைப் பார்த்து, தங்களுக்கு ஆழ்ந்த வருத்தம் என்றார். பிறகு ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். எல்லோரும் எழுந்தார்கள். நாங்களும் எழுந்தோம்.

ஸ்லாவோல்யூப் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டான்: "நம்மள எப்பக் கூப்பிடுவாங்க?"

"முடிஞ்சிருச்சுங்க."

"என்னம்மா முடிஞ்சுது? இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!"

அவ்வளவுதான். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பாலத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ட்ரக் என்ற சொல்லே அந்த அறையில் வரவில்லை. நீங்கள் சொல்வீர்களோ மாட்டீர்களோ என்று ஒரு வருஷம் தூக்கம் கெட்டேன். உங்களைக் கூப்பிடுகிற எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை.

வெளியே வந்தபோது அந்தச் சளி வக்கீல் என் கையைக் குலுக்கினான். நானும் குலுக்கிவிட்டேன். பிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

திரும்பும்போது, ஹங்கேரி சமவெளியில் பஸ் போய்க்கொண்டிருக்கையில், ஸ்லாவோல்யூப் திடீரென்று முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் நின்றான். "என் பேரு ஸ்லாவோல்யூப். ரொட்டிக் கடை வெச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தான். கோர்ட்டில் சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்ததை, பஸ்ஸின் முன்கண்ணாடியைப் பார்த்தபடி, முதலிலிருந்து கடைசி வரை சொன்னான். டிரைவர் ரேடியோவை நிறுத்தினான். முடித்ததும் வந்து உட்கார்ந்து, "நல்லா சொன்னேனாடா?" என்றான். நல்லாச் சொன்னே என்றேன்.

சொம்போர் என்று கைகாட்டிப் பலகை வந்தது. இறங்கிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. பஸ் நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

மேல்முறையீடு செய்கிறோம்.

மிலுதின்


சொம்போர்
11 ஜனவரி 2004

சம்பந்தி,

கிறிஸ்துமஸ் போன பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். பண்டிகைக்கு முன்னால் படிக்கத் தெம்பு இல்லை.

வழக்கு தோற்றுவிட்டது என்று குழுவில் சொல்லாதீர்கள். தோற்பதற்கு விசாரணை நடந்திருக்க வேண்டும். உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் நீதிமன்றத்திலும் இப்படி வரும். கோப்பு கெட்டியாக இருக்கும், உள்ளே ஒரு சாட்சியின் பெயர்கூட இருக்காது. அந்தக் கோப்புகளைத்தான் கீழே கிடங்குக்கு முதலில் அனுப்புவோம்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். உங்களோடு போட வேண்டியிருந்த சண்டை மிச்சம். ஆனால் அன்று முழுக்க என்னால் தட்டச்சு செய்ய முடியவில்லை. ஒரு விவாகரத்து வழக்கு, பக்கத்துக்குப் பக்கம் பிழை. நீதிபதி, "என்ன ஸோர்கா, கண்ணாடி மாத்தணுமா?" என்றார். மாற்ற வேண்டும் என்றேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இடுப்புக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள், வரிசையில் பெயர் கொடுத்திருக்கிறேன். மேல்முறையீட்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், நீங்கள் கேட்பதால். நானாக இருந்தால் விட்டுவிடுவேன். உங்களுக்கும் சொல்கிறேன், விட்டுவிடுங்கள். அவர்களிடம் நேரம் இருக்கிறது, சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்கள். நமக்கு அது இல்லை.

கோட்டைத் தளர்த்தித் தைக்கச் சொல்லுங்கள். உள்ளே துணி விட்டிருப்பார்கள்.

ஸோர்கா


ப்ரோத்னிக்
22 நவம்பர் 2006

சம்பந்தியம்மா ஸோர்காவுக்கு,

உங்கள் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று லோமன் அம்மா சொல்லித்தான் தெரியும். எனக்கு நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை.

இரண்டாவது நீதிமன்றமும் போயிற்று, போன மாதம் மூன்றாவதும் போயிற்று. இந்த முறை வேறு காரணம். அந்த நாடு கூட்டணியில் இருந்தது உண்மை, அதன் விமானங்களும் பறந்தது உண்மை, ஆனால் இந்தப் பாலத்தை இந்த நாளில் அடிக்கப்போகிறார்கள் என்று அதற்குத் தெரியும் என்பதற்கு நாங்கள் ஆதாரம் காட்டவில்லையாம். கூட்டணிக்குள் அவரவர்க்கு அவரவர் வேலை மட்டும்தான் தெரியுமாம். ஆதாரம் எங்கே இருக்கிறது? கூட்டணியின் அலமாரியில். அலமாரியைத் திறக்க முடியுமா? ரகசியம். பத்தொன்பது பேர் சேர்ந்து செய்தார்கள், அதனால் யாருமே செய்யவில்லை.

தீர்ப்பைத் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் படித்துக் காட்டினேன். முன்பு போல எல்லாரும் வருவதில்லை. இரண்டு குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. படித்து முடித்ததும் ஸ்லாவோல்யூப், "ட்ரக்கப் பத்தி ஏதாவது போட்டிருக்கானா?" என்றான்.

"ஒரு வரிகூட இல்ல."

"அப்ப அந்த ட்ரக் போகாம இருந்திருந்தாலும் இதேதானா?"

"இதேதான்."

 அப்போது ராத்மிலா சொன்னாள்: "நானும்தான் பாத்தேன், அந்த ட்ரக்க."

ஸ்லாவோல்யூப் திரும்பினான். "நீ எங்கடி பாத்தே?"

"அடுப்பு மூட்ட எழுந்தது யாரு, நீயா? ரெண்டு ட்ரக். வெளிச்சம் போடாமப் போச்சு. உங்கிட்ட சொன்னா நீ கத்துவியேன்னு சொல்லல."

அதன் பிறகு பாருங்கள். மருந்துக் கடைக்காரர் தானும் பார்த்ததாகச் சொன்னார். மாதா கோயில் மணியடிப்பவர் பார்த்திருக்கிறார். பின் வரிசையில் ஒருவர், ட்ரக் இரண்டு இல்லை, மூன்று என்று சண்டைக்கே வந்துவிட்டார். ஊரே பார்த்திருக்கிறது, சம்பந்தியம்மா. ஏழு வருஷம் ஊரே வாயை மூடிக்கொண்டு, சொன்ன ஒருத்தியை மட்டும் துரத்திவிட்டிருக்கிறது. ஸ்லாவோல்யூப் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். திரும்பி வந்து, கூட்டம் முடிகிற வரை உட்கார்ந்திருந்தான்.

மே மாதம் உங்களை வரச் சொல்லி எழுது என்றாள் ராத்மிலா. தன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாமாம். என் வீடு எதற்கு இருக்கிறது என்று கேட்டேன்.

இனி என் விஷயம். டயர் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அரசுத் தரப்பின் செலவையும் நாங்கள்தான் கட்ட வேண்டும் என்று வேறு தீர்ப்பில் இருக்கிறது. லோமன் அம்மா அந்த ஊர் ஜனங்களிடமே திரட்டிக் கட்டுவதாகச் சொல்கிறார். எங்களுக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. கடைசியாக இன்னும் ஒரு நீதிமன்றம் இருக்கிறதாம், எல்லாவற்றுக்கும் மேலே. இன்னும் ஒரு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். குழுவில் கேட்டேன். கையைத் தூக்கச் சொன்னேன். யாருடைய கையும் எழும்பவில்லை. என் கையும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பே விடச் சொன்னீர்களே. விட்டுவிட்டேன். இத்துடன் முடித்துக்கொள்கிறோம் என்று லோமன் அம்மாவுக்கு எழுதப்போகிறேன். உங்களுக்குச் சொல்லாமல் எழுத மனசில்லை. அதனால் இந்தக் கடிதம்.

மிலுதின்


சொம்போர்
19 டிசம்பர் 2006

சம்பந்தி மிலுதினுக்கு,

நீங்கள் லோமன் அம்மாவுக்கு எழுதுவதற்கு முன்னால் நான் டெலிபோன் செய்துவிட்டேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் சரி என்றிருப்பேன். இரண்டு பேரும் அந்த அளவுக்குக் களைத்துப்போய்விட்டோம்.

மனுக் கொடுக்க ஒரே ஒரு வாதி போதுமாம். தலிபோருக்காக நான் ஒருத்தி. யாஸ்னாவுக்காக நீங்கள் தந்திருந்த பழைய அதிகாரப் பத்திரம் இன்னும் செல்லும் என்றார். அதனால் அவளும்.

தபாலில் அனுப்பலாம் என்றார். வேண்டாம், நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்டார். காரணம் சொல்லத் தெரியவில்லை. உங்கள் ஊர் ட்ரக்கைப் பார்த்தது என்று படித்த பிறகு எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. சந்தோஷமா என்றால், இல்லை. இத்தனை பேர் பார்த்திருந்தும் யாரையும் எங்கேயும் கேட்கவில்லையே என்றுதான் தோன்றியது. முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டேன். சாட்சியின் பெயரைக்கூடக் கேட்காமல் மூடிய ஒரு வழக்கில் என் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புது இடுப்போடு ரயிலில் போனேன். கால் வீங்கிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த நம் ஊர்ப் பெண், அங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எதற்குப் போகிறேன் என்று சொன்னேன். "ஜெயிப்பீங்களா?" என்றாள். இல்லை என்றேன்.  என் காலை இறக்கிவிடாமல் வைத்திருந்தாள்.

லோமன் அம்மா ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். நம்மை விட வயதானவராகத் தெரிந்தார், சம்பந்தி. ஐந்து வருஷத்தில் அவர் பக்கத்திலும் நாற்காலிகள் காலியாகிவிட்டனவாம். ஆபீசைக் காலி செய்துவிட்டு வீட்டுச் சமையல் மேசையில்தான் நம் மனுவைத் தயாரித்தார். நான் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னேன். விடியற்காலையில் போன ட்ரக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். சரி என்று சேர்த்தார். நுனியில் உட்கார்ந்திருந்தவளை, அசைந்த கையை, எல்லாவற்றையும் சேர்த்தார். இதையும் படிக்காமலே தள்ளிவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீதிமன்றத்தில் நீதிபதி யாரையும் பார்க்கவில்லை. பதிவு செய்கிற இடம் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு ஜன்னல், அதன் பின்னால் ஓர் இளைஞன், கம்ப்யூட்டர். லோமன் அம்மா கட்டைக் கொடுத்தார். அவன் முதல் பக்கத்தைப் பார்த்து, வாதிகளின் பெயரையும், யாருக்காக வழக்கோ அவர்கள் பெயரையும் அடித்தான். விரல் போகிற போக்கைப் பார்த்தேன். நல்ல வேகம். அடித்து, அச்செடுத்து, ரசீதாகக் கொடுத்தான்.

தலிபோரின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. யாஸ்னாவின் பெயரை வேறு ஏதோ பெண்ணின் பெயராக்கியிருந்தான்.

லோமன் அம்மா, பரவாயில்லை, எண் சரியாக இருந்தால் போதும் என்றார். எனக்குப் பரவாயில்லை என்று படவில்லை. ஜன்னலில் தட்டினேன். அவன் நிமிர்ந்தான். ரசீதை அவன் பக்கம் தள்ளி, விரலை வைத்துக் காட்டினேன். அவன் பாஷை எனக்குத் தெரியாது. மேசை மேலிருந்த பேனாவை எடுத்து, நம் எழுத்தில் அல்ல, அவன் எழுத்தில், ஒவ்வொன்றாக எழுதினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். அவன் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு எழுதியதைப் பார்த்தான். தலிபோர் என்று மெல்ல வாய்விட்டுப் படித்தான். யாஸ்னா என்று படித்தான். தப்பாக உச்சரித்தான். திருப்பிச் சொல்லிக் காட்டினேன். மறுபடி சொன்னான். இந்த முறை சரியாக வந்தது.

பழைய ரசீதைக் கிழித்துப்போட்டுவிட்டு, புதிதாக அடித்துக் கொடுத்தான்.

ஸோர்கா